மூன்று வகைப் பன்ச்சும் ஒரு தையல் ஊசியும்

ஒன்பது பன்ச் கொண்ட செட் ஒன்றை இணையக் கடையில் 2,850 ரூபாவுக்கு வாங்கினேன். பன்ச் என்றால் பின்னை, அதாவது உறுப்புகளைக் குறுக்கே கோத்துப் பிடித்திருக்கும் சின்ன இரும்புக் கம்பியை, சுத்தியலால் தட்டி வெளியே தள்ள வைக்கும் இரும்புக் குச்சி. கூரியர் செலவு 400 ரூபா தனி. அட்டனுக்கு வந்து சேர நான்கு நாள் ஆனது. நீலப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக்குழி, பிடிக்கும் இடத்தில் கை வழுக்காமலிருக்க வரிவரியாய்க் கோடுகள், முகம் பார்க்கிற அளவுக்குக் குரோம் பூச்சு. திறந்ததும் மனசு நிறைந்துபோனது உண்மைதான். இரண்டு நாள் கழித்து அதே பெட்டியை எங்கே விட்டெறியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிவால்வர் மாதிரிச் சின்னச் சாமான்களில் பின் தட்டிக் கழற்ற எந்தப் பன்ச் உதவும், எது காசுக்குக் கேடு என்று நான் பட்டதை எழுதிவைக்கிறேன். தையல் மெஷின், பூட்டு, மணிக்கூடு வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். பின் சின்னதானால் எல்லாம் ஒரே தலைவலி.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பிட்டராக, மெஷின்களைக் கழற்றிப் பூட்டுகிறவனாக, இருந்தவன். ரோலர், சிரோக்கோ டிரையர், அவற்றின் சங்கிலி, பேரிங், கீ என்று கையில் கிரீஸ் காயாத வேலை. இப்போது டவுனில் ஆறடிக்கு எட்டடிக் கடை. தையல் மெஷின், பூட்டு, தராசு பார்க்கிறேன். ஆனால் தோட்டத்தில் வேலை கிடைக்கும் முன், இருபது வயதில், கண்டியில் அனுமதி பெற்ற துப்பாக்கி திருத்தும் கடை ஒன்றில் மூன்று வருஷம் கையாளாக நின்றேன். முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டுவது, அரம் துடைப்பது, தேநீர் வாங்கி வருவது, அப்புறம்தான் வேலை. நானா இப்போது இல்லை. கடையை மகன் நடத்துகிறார். கை நடுங்காத ஆள், நிதானமானவர். ஆனால் பன்ச் செய்யும் வித்தையை மட்டும் வாப்பாவிடம் படிக்காமல் விட்டுவிட்டார். அதனால் வருஷத்தில் இரண்டு தரமாவது எனக்கு ஃபோன் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி என் கடைக்கு வராது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் இங்கே உயிரோடுதான் இருக்கிறது. வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரத்தை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். கண்ட இடத்தில் கொடுத்துத் திருத்துகிற சாமான் அல்ல அது. எனவே நான்தான் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிக் குலுங்கிக் கண்டிக்குப் போவேன். என் பையில் பன்ச், சின்னச் சுத்தியல், ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான்.

இந்த முறை வந்த வேலை ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10, அமெரிக்க ரிவால்வர். முப்பத்தெட்டு ஸ்பெஷல் என்ற ரகத் தோட்டா, ஆறு குண்டு. 1899இல் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பெயரில் வெளிவந்த அதே வகைதான். 1957இல் கம்பனி பெயருக்குப் பதில் எண் வைத்தபோது 10 ஆனது. வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற மனிதர், பத்திரம் எல்லாம் சரியாக இருந்தது. குறை இதுதான்: பெருவிரலால் ஹேமரை (விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் உறுப்பு) பின்னால் இழுத்து நிறுத்தினால் ஒழுங்காக விழுகிறது, விசையை (சுட விரலால் இழுக்கும் உறுப்பு) மட்டும் இழுத்தால் ஹேமர் எழும்பவே மாட்டேன் என்கிறது. நானா இருந்திருந்தால் கையில் வாங்கும் முன்பே சொல்லியிருப்பார். ஹேமரின் முன்பக்கத்தில் சியர் என்று ஒரு சின்ன நாக்கு உண்டு. விசை அந்த நாக்கைத் தூக்கித்தான் ஹேமரை எழுப்பும். நாக்கின் பின்னால் ஓர் அரிசிமணி அளவு ஸ்பிரிங். அது முறிந்தால் நாக்கு உள்ளே சாய்ந்துவிடும், விசைக்கு அகப்படாது. நாக்கைக் கழற்ற அதைக் குறுக்கே பிடித்திருக்கும் பின் வெளியே வரவேண்டும். அந்தப் பின் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி. ஹேமரின் இருபுறமும் மட்டமாகத் தேய்த்து விடப்பட்டிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் வட்டமே தெரியும்.

முந்தின காலத்தில் அந்தக் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வெப்லிதான். பூட்டை நெம்பினால் இரண்டாய் மடிந்து திறக்கும் பிரிட்டிஷ் ரிவால்வர். அதில் ஹேமரும் விசையும் திருகில்தான் நிற்கும். நல்ல திருப்புளி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் அப்படி இல்லை. பக்கத் தகட்டைத் திருகு கழற்றித் திறக்கலாம் (அதையும் நெம்பக் கூடாது, திருகுகளை எடுத்துவிட்டு, பிடியின் சட்டத்தை மரக்கைப்பிடியால் தட்டினால் தகடு தானே எழும்பும். எத்தனை அழகான துப்பாக்கிகளின் விளிம்பை நெம்பித் தின்றிருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும்). உள்ளே போனதும் பின் ராச்சியம். ஹேமரில் இரண்டு, குழலுக்குக் கீழே பூட்டு போல்ட்டைப் பிடிக்க ஒன்று, 1980களின் தொடக்கம் வரை செய்த துப்பாக்கிகளில் குழலையே சட்டத்தோடு சேர்த்துப் பூட்ட இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு விட்டம்.

சரி, அந்த 2,850 ரூபா செட்.

கண்டியில் மேசை விளக்கின் கீழ் ஹேமரை என் மரக்கட்டையில் படுக்க வைத்தேன். இந்தக் கட்டை தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட வயசான தேயிலைச் செடியின் அடிமரம். இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் இரும்பைக் கீறாது. நடுவில் 3 மில்லித் துளை, பின் இறங்குவதற்கு. 1.5 என்று பொறித்த பன்ச்சை வைத்தேன். முதல் தட்டு, அசையவில்லை. இரண்டாவது தட்டு கொஞ்சம் அழுத்தம். பன்ச் நடுவில் வில்லாய் வளைந்தது. வளைந்த வேகத்தில் நுனி பின்னை விட்டுச் சறுக்கி, ஹேமரின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸன் ஹேமரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினாற்போல் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஓடும். மேல்தோலை மட்டும் கடினமாக்கும்போது வருகிற நிறம் அது. அதன் குறுக்கே இப்போது அரை அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். வேறு யாரும் இல்லை, என் கைதான்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். "விடுங்க அண்ணன், வாப்பாவும் ஒரு தரம் இப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நானா அப்படி ஒரு நாளும் கீறியதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அட்டனுக்குத் திரும்பி வந்து செட்டை மைக்ரோமீட்டரில் போட்டேன். 1.5 என்ற பன்ச்சின் அடியில் 1.61, நுனியில் 1.46. பக்கம் நேராய் இருக்க வேண்டிய பன்ச் கூம்பாய் இருக்கிறது. அதாவது பின்னைக் கொஞ்சம் தள்ளியதும் பன்ச் துளையிலேயே இறுகிவிடும். மணிக்கூட்டுக்காரரின் கண்ணாடியால் நுனியைப் பார்த்தால் தட்டையாய் இல்லை. கொண்டைக்கடலை முனை மாதிரிக் குவிந்திருக்கிறது, போதாததற்கு ஒரு பக்கம் சாய்வு. பின்னின் தலையும் லேசாய்க் குவிந்திருக்கும். குவிந்ததன்மேல் குவிந்ததை வைத்துத் தட்டினால் எங்கே நிற்கும்? அரத்தை வைத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வெட்டியது. பச்சை இரும்பு. அதே பெட்டியில் இருந்த 2 மில்லிப் பன்ச்சை வைஸில் பிடித்து லேசாய் வளைத்தேன், டக்கென்று கண்ணாடி மாதிரி முறிந்தது. ஒன்று வேகாத சோறு, இன்னொன்று அடிப்பிடித்த சோறு. ஒரே பானை.

விற்ற கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பாவித்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பாவிக்காமல் வளைவது எப்படி என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அந்தச் செட்டின் 4 மில்லிக்கு மேலுள்ளவை மோசமில்லை. தடிப்பு இருப்பதால் இரும்பின் குறை தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போதும். மூன்று மில்லிக்குக் கீழே வாங்காதீர்கள். ஆனால் தனித்தனியாக விற்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

உள்ளூரில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். அட்டனில் மூன்று ஹாட்வெயார், கண்டியில் ஐந்தாறு ஏறி இறங்கினேன். பின் பன்ச் என்றால் ஒருவர் சென்டர் பன்ச் தருகிறார். இன்னொருவர் தச்சர்கள் ஆணித்தலையை மரத்துக்குள் இறக்கும் பன்ச். ஒரு பையன் உள்ளே போய் நெடுநேரம் தேடி, கடுதாசியில் ஓட்டை போடும் பன்ச்சையே கொண்டுவந்து வைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதும் அதைத்தானே. சிரித்துவிட்டு ஒரு கொங்கிறீட் ஆணிப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அது வீண் போகவில்லை, பின்னால் வருகிறது.

அடுத்தது எக்லிப்ஸ். ஷெபீல்டில் செய்த பிரிட்டிஷ் பன்ச். எங்கள் தொழிற்சாலை ஒர்க்‌ஷொப்பில் ஒரு செட் இருந்தது. ஹெட் பிட்டர் அதைத் தன் மேசைக்குள் பூட்டி வைத்திருப்பார், கேட்டால் எதற்கு, எந்த மெஷினுக்கு, எப்போது திருப்பித் தருவாய் என்று மூன்று கேள்வி. அவர் ஓய்வுபெற்றபோது அந்தச் செட்டில் மிச்சமிருந்த நான்கை எனக்குக் கொடுத்தார். அங்குலக் கணக்கு: மூன்றின் கீழ் முப்பத்திரண்டு, எட்டிலொன்று, அப்படி மேலே. அந்த இரும்பைப் பற்றிச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அடி வாங்கிய பன்ச், தலை லேசாய்க் காளான் விரித்திருக்கிறது, நுனி இன்னும் தட்டை. மைக்ரோமீட்டர் மேலும் கீழும் ஒரே அளவு காட்டுகிறது. பூட்டு போல்ட்டின் பின்னுக்கும் குழல் பின்னுக்கும் இதையே இன்றுவரை கொண்டுபோகிறேன். எங்காவது பழைய தோட்டத்துச் சாமான் ஏலத்தில் கண்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஒரு குறைதான். பழைய செட் எங்கே கிடைத்தாலும் மிகச் சிறியது மட்டும் இருக்காது. பதினாறிலொன்று, அதாவது 1.59 மில்லி, அதுதான் முதலில் முறியும், முதலில் தொலையும். எனக்குக் கிடைத்த பெட்டியிலும் அந்தக் குழி காலி.

ஆகவே செய்வதைத் தவிர வழியில்லை. செய்யும் முன் ஒரு கணக்கு, சலித்துக்கொள்ளாமல் கேளுங்கள், இந்தத் தொழிலே இதற்குள்தான் இருக்கிறது. மெல்லிய கம்பியை நெட்டுக்குத்தாய் அழுத்தினால் அது நசுங்காது, வளையும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைக்க நான்கு மடங்கு பலம் வேண்டும். விட்டம் ஒன்றரையிலிருந்து இரண்டானால் மூன்று மடங்கு. விட்டத்தைக் கூட்ட நமக்கு வழியில்லை, பின் விடாது. நீளம் நம் கையில் இருக்கிறது. அந்தச் செட்டின் பன்ச்சில் மெல்லிய பகுதி 35 மில்லி நீளம். எனக்கு வேண்டியது ஹேமரின் தடிப்பைத் தாண்ட எட்டு மில்லி. மிச்சம் இருபத்தேழு மில்லி யாருக்காக? படத்தில் அழகாகத் தெரியத்தான்.

நானா இதைக் கணக்காய்ச் சொன்னதில்லை. "குட்டப் பன்ச்சால ஆரம்பி, நெட்டப் பன்ச்சால முடி" என்பார். இறுகிய பின்னை அசைக்கக் குட்டையானது, அசைந்த பின்னை முழுக்கத் தள்ள நீளமானது. இரண்டு பன்ச், ஒரு பின். நாற்பது வருஷம் கழித்துத்தான் ஏனென்று புரிந்தது.

முதலில் சைக்கிள் கம்பி. இரண்டு மில்லி, எங்கேயும் கிடைக்கும், சும்மா கிடைக்கும். பித்தளைப் பின் தள்ள ஆகும். இரும்புப் பின்னில் வைத்தால் நுனி குடை விரித்துவிடும். நான் எடுத்த கம்பிக்குச் சூடாக்கித் தோய்த்தாலும் பதம் ஏறவில்லை. விட்டுவிட்டேன்.

கொங்கிறீட் ஆணி எதிர்பார்த்ததைவிட நல்லது. பதம் ஏற்றித்தான் விற்கிறார்கள். தலையை வெட்டாமல் முனையை மட்டும் சாணையில் தட்டையாக்கினால் பத்து ரூபாயில் ஒரு குட்டைப் பன்ச். தேய்க்கும்போது இரண்டு விநாடிக்கு ஒரு தரம் தண்ணீரில் முக்க வேண்டும். நீலம் ஓடினால் பதம் போச்சு. ஆனால் ஒன்றரை மில்லிக்கு இறக்குவது சாணையில் நடக்காத காரியம், ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரிய பின்னை முதல் தட்டு தட்ட இதை வைத்திருக்கிறேன்.

மொட்டையான ட்ரில் பிட்டின் வால் பகுதியைப் பலர் சொல்வார்கள். வால் சரி, சுருள் பகுதியை ஒருபோதும் வைக்காதீர்கள். சிதறும். தொழிற்சாலையில் ஒருவருக்குக் கண் இமைக்கு மேலே தைத்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பன்ச் ஆனாலும் கண்ணாடி போடாமல் தட்டாதீர்கள்.

அப்புறம் சில்வர் ஸ்டீல். பெயரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு துளி கிடையாது. மினுக்கமாய் அரைத்து வருவதால் அந்தப் பெயர். கரி நிறைய உள்ள உருக்கு, 13 அங்குலக் குச்சியாக வரும். கண்டியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் 2 மில்லிக் குச்சி ஒன்று வாங்கினேன். நுனியை அளவுக்குத் தேய்த்துக்கொண்டு, கடைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஊது விளக்கில் சூடாக்கினேன். செர்ரி நிறம் என்று புத்தகக்காரர்கள் எழுதுவார்கள். நான் செர்ரியைக் கண்டது கேக்கில் மட்டும்தான். அதனால் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். 770 டிகிரி அளவில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் நிறம் ஏற விட்டு, நேராய் எண்ணெயில் இறக்க வேண்டும். மெல்லியதற்குத் தண்ணீர் வேண்டாம், கோணும், வெடிக்கும். நான் வைத்திருந்தது தேங்காய் எண்ணெய். அட்டனில் காலை ஏழு மணிக்குத் தேங்காய் எண்ணெய் எண்ணெயாகவா இருக்கும்? மெழுகாய் உறைந்து கிடந்தது. அடுப்பில் உருக்கிக் கை பொறுக்கும் சூட்டில் வைத்தேன். அதுவும் நல்லதுதான், இளஞ்சூட்டு எண்ணெய் சூட்டை வேகமாய் இழுக்கும்.

தோய்த்ததும் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பதத்தை இறக்க வேண்டும். எமரி பேப்பரால் வெள்ளையாகத் துடைத்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாய்ச் சூடு காட்டினால் நிறம் நடந்து வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ, நீலம். நுனியில் கத்தரிப்பூ நீலமாய் மாறுகிற அந்த விநாடியில் மீண்டும் எண்ணெய்க்குள். மூன்று செய்தேன். ஒன்று கோணிவிட்டது. இரண்டு நன்றாய் வந்தன. நெட்டைப் பன்ச் வேலைக்கு அவை போதும்.

ஆனால் கடைசியில் சியர் பின்னைத் தட்டியது சில்வர் ஸ்டீல் இல்லை. தையல் ஊசி.

தங்கச்சி மகள் கார்மெண்ட் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறாள். அந்த மெஷினுக்குப் போடும் டிபி ஒன்று (DB×1) ரக ஊசியின் தண்டு முழு உருளை, 1.62 மில்லி. வீட்டு மெஷின் ஊசி 2 மில்லி, ஒரு பக்கம் தட்டையாய்ச் சீவியிருக்கும், இதற்கு ஆகாது. என் கண்ணில் நாற்பது வருஷமாய்ப் பட்டுக்கொண்டிருந்த சாமான். ஒரு நாள் மெஷினில் ஊசி மாற்றும்போதுதான் உறைத்தது. நல்ல உருக்கு, பதம் ஏற்றி, நேராய் அரைத்து, கட்டு பத்து ஊசியாய் விற்கிறார்கள். நாம் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை. "முறிஞ்ச ஊசி இருந்தா கொண்டுவாம்மா" என்று கேட்டேன். "அய்யோ மாமா, ஒரு ஊசி முறிஞ்சா துண்டு துண்டா பொறுக்கி ஒட்டிக் காட்டினாத்தான் அடுத்தது தருவாங்க, வெளிய கொண்டு வந்தேன்னா வேலையே போயிடும்" என்றாள். குழந்தைகள் சட்டைக்குள் முனை போய்விடக் கூடாதென்று அத்தனை கட்டுப்பாடு. கடையில் புதுக் கட்டே வாங்கிக்கொண்டேன்.

செய்முறை இவ்வளவுதான். ஊசியின் மெல்லிய பகுதியைச் சாணை விளிம்பில் கோடு போட்டு முறித்துவிட்டேன். தண்டை ட்ரில் மெஷினில் பூட்டி, சுழல விட்டு, ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய எமரி பேப்பரால் 1.62ஐ 1.50க்கு இறக்கினேன். அரை மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் சூடேறும், பதம் போகும். விரலால் தொட்டு, எண்ணெய் வைத்து, மீண்டும். பிடிக்கு 6 மில்லிப் பித்தளைக் கம்பி, 60 மில்லி நீளம். அதன் நடுவில் ஒரு துளை, பக்கத்தில் சின்னத் திருகு. தண்டு எட்டு மில்லிதான் வெளியே நீட்டும், மிச்சம் பித்தளைக்குள். முறிந்தால் திருகைத் தளர்த்தி இன்னொரு ஊசி. பன்ச்சின் உயிர் நுனிதான், பிடி எத்தனை தலைமுறைக்கும் வரும்.

நுனியைத் தட்டையாக்கும் விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் ஹேமரைக் கீறியது அதுதான். கையில் பிடித்துக் கல்லில் தேய்த்தால் எவ்வளவு தேர்ந்த கையும் உருட்டிவிடும். ஒரு பித்தளைக் கட்டியின் அடியை மட்டமாக்கி, அதற்குச் செங்குத்தாய் ஒன்றரை மில்லித் துளை போட்டேன். ஊசியை அதில் செருகி, நுனி அடியில் ஒரு முடி அளவு நீட்டும்படி வைத்து, கட்டியோடு சேர்த்து எண்ணெய்க்கல்லில் எட்டு வடிவில் தேய்த்தேன். கட்டி கல்லில் உட்கார்ந்திருப்பதால் ஊசி சாய முடியாது. எடுத்துக் கண்ணாடியால் பார்த்தேன். வட்டம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், விளிம்பு கூர். அந்தக் கூரை மட்டும் எமரியில் ஒரு சுற்று முறித்தேன், இல்லாவிட்டால் துளைச் சுவரைச் சீவும்.

அடுத்த வாரம் மறுபடியும் கண்டி. அதே மேசை, அதே ஹேமர். கீறலை மகன் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தார், அதனால் அது இன்னும் நன்றாய்த் தெரிந்தது. ஊசிப் பன்ச்சைப் பின்மேல் வைத்ததும் நின்றது. முந்தினது போல் தேடி அலையவில்லை. நூறு கிராம் சுத்தியல், அதிகம் வேண்டாம். முதல் தட்டுக்குக் 'டிங்'. இரண்டாவதுக்கும் 'டிங்'. மூன்றாவது 'டொக்'. அந்தச் சத்த மாற்றம் காதில் விழுந்தாலே போதும், பின் நகர்ந்துவிட்டது. அதற்கு மேல் சில்வர் ஸ்டீல் பன்ச்சை வைத்து, கையாலேயே பாதி தள்ளிவிட்டேன். கடைசித் தள்ளலுக்கு முன் ஹேமரையும் என் இரண்டு கையையும் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டேன். முறிந்த ஸ்பிரிங்கின் பாதி துள்ளிப் பையின் மூலையில் போய் விழுந்தது. மற்றப் பாதி நாக்கின் பின்னால் எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. நானாவின் பழைய பிஸ்கட் டின்னில் அளவான ஸ்பிரிங் இருந்தது.

"அண்ணன், இது என்ன இரும்பு?" என்று மகன் கேட்டார். "சட்டை தைக்கிற இரும்பு" என்றேன்.

வைத்திருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மலைநாட்டில் பனியும் தூறலும் எந்த இரும்பையும் விட்டுவைக்காது. மெல்லிய பன்ச்சில் துரு ஏறினால் அளவே மாறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்காதீர்கள், உறைந்து, பிறகு பிசினாகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, துணியில் சுருட்டி டின்னில். என் எக்லிப்ஸ் அப்படித்தான் இத்தனை வருஷம் மினுங்குகிறது.

செலவு: ஊசிக்கட்டு 350 ரூபா, பித்தளைக் கம்பி வெட்டுத் துண்டு 200, சில்வர் ஸ்டீல் குச்சி 900. நேரத்துக்கு விலை போட்டால் செட்டைவிடக் கூடும், ஓய்வில் இருக்கிறவன் நேரத்துக்கு விலை போடுவதில்லை. ஊசிப் பன்ச் ஐந்து செய்து மூன்றைக் கண்டியில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது ஒரு மில்லி வேண்டும் என்கிறார் மகன். ஒரு மில்லிக்கு ஊசியைத் தேய்த்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த 2,850 ரூபாச் செட்டை விட்டெறியவில்லை. வளைந்த ஒன்றரை மில்லிப் பன்ச் எங்கள் இடியப்ப உரலின் துளையில் சரியாய்ப் போகிறது. காய்ந்த மா அடைத்துக்கொண்டால் மனைவி அதை வைத்துத்தான் குத்தி எடுக்கிறாள். வளைவு இருப்பது கைக்கு வசதியாம். அவளைக் கேட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பாள்.